பொலிகாளைத் தேர்வு

ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும். அதன் வாழ்நாளில் எட்டோ பத்தோ கன்றுகளுக்கு மேல் ஈனுவது அரிது. மந்தையில் விடப்படும் பொலிகாளையோ ஓராண்டிலேயே இருபத்தைந்து, முப்பது கன்றுகளுக்குத் தந்தையாகின்றது. செயற்கைமுறைக் கருவூட்டல் பரவிய பின்னர், ஒரே காளையின் வித்து உறைந்த நிலையில் கடல் கடந்து சென்று பல்லாயிரம் கன்றுகளைப் பிறப்பிக்கின்றது. ஆகவே பசுவைத் தேர்வதில் பிழை நேர்ந்தால் அஃது ஒரு கொட்டிலோடு நின்றுவிடும். காளையைத் தேர்வதில் நேரும் பிழை மந்தை முழுவதும் பரவும். அக்காளையின் பெண்கன்றுகள் வழியாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடரும். 'காளை மந்தையில் பாதி' என்று மேலைநாட்டுக் கால்நடை வளர்ப்போர் கூறுவதன் பொருள் இதுவே.

'தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள். பாலைப் பார்த்துப் பசுவைக் கொள்' என்பது நம் நாட்டுப் பழமொழி. பசுவுக்குப் பாலைப் பார்க்கலாம். காளைக்கு எதைப் பார்ப்பது? உழவுக்கும் வண்டிக்கும் காளை வாங்கும் நம் உழவர் திமிலைப் பார்ப்பர், கொம்பைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பர். இறைச்சிக்கென்றே மாடு வளர்க்கும் மேலைநாடுகளில் நுகத்துக்கு வேலையில்லை. அந்நாட்டு மாடுகளுக்குத் திமிலும் இல்லை. அங்கே காளை பார்க்க வருவோரின் கண் முதலில் இரண்டின்மீது செல்கின்றது. ஒன்று உடற்சட்டம், மற்றொன்று தசைப்பற்று. இவ்விரண்டையும் சரிவர அளக்கக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவர்கள் அடைந்த இழப்புகளும் பல. ஆங்கஸ் என்னும் கறுப்பு மாட்டினத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் அபர்தீன், ஆங்கஸ் என்னும் இரு நிலப்பகுதிகள் உள்ளன. குளிர்காற்று வீசும் அந்நிலத்தில் தொன்றுதொட்டே கொம்பில்லாத மாடுகள் மேய்ந்துவந்தன. கொம்பில்லாத மாட்டை நாம் மோழை என்கிறோம். அந்நாட்டார் தம் மோழை மாடுகளை ஆங்கஸ் பகுதியில் 'டாடி' என்றும், அபர்தீன் பகுதியில் 'ஹம்லி' என்றும் அழைத்தனர். ஆங்கஸ் பகுதியில் கீலர் என்னும் பண்ணையை 1808ஆம் ஆண்டில் குத்தகைக்கு எடுத்தவர் ஹியூ வாட்சன். தந்தையார் அவருக்கு ஆறு பசுக்களும் ஒரு காளையும் கொடுத்தார். அவரோ அதனோடு அமையாது, பிரெக்கின் நகரை அடுத்து நடந்த சந்தைக்குச் சென்று, அங்கு வந்தவற்றுள் தலைசிறந்த பத்துக் கிடேரிகளையும் ஒரு காளையையும் வாங்கிவந்தார். கிடேரிகள் பல நிறத்தன. காளை மட்டும் கறுப்பு. கறுப்பே தம் மந்தையின் நிறமாதல் வேண்டும் என்று வாட்சன் உறுதிகொண்டு, தலைமுறைதோறும் கறுப்பு மோழைகளையே தேர்ந்து நிறுத்தினார்.

அவர் மந்தையில் 1842ஆம் ஆண்டில் பிறந்த 'ஓல்டு ஜாக்' என்னும் காளை, பின்னர் 1862இல் அவ்வினத்தின் குடிவழிப் பதிவேடு அச்சானபோது காளைகளுள் முதல் எண்ணைப் பெற்றது. 'ஓல்டு கிரானி' என்னும் பசுவின் கதை இன்னும் வியப்பானது. 1824இல் பிறந்த அப்பசு இருபத்தொன்பது கன்றுகளை ஈன்று, முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 1859இல் இடி விழுந்து இறந்தது என்பர். எட்டுப் பத்துக் கன்றுகளே ஒரு பசுவுக்கு வழக்கம் என்று மேலே கூறினோம் அன்றோ? வாட்சனின் மந்தை அழகுக்கு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று. நீண்ட நாள் வாழ்ந்து, தவறாது கன்று ஈனும் ஆற்றல் உடற்சட்டத்தைவிடவும் தசையைவிடவும் முற்பட்ட தகுதி. பின்வந்தோர் அதனை அவ்வப்போது மறந்தனர்.

அபர்தீன் பகுதியில் டில்லிஃபோர் பண்ணையின் வில்லியம் மெக்கோம்பி இப்பணியை மேற்கொண்டார். அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார்; மாடு வளர்ப்பைப் பற்றி 1867இல் நூலொன்றும் வெளியிட்டார். 1878இல் பாரிசு நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவர் கொண்டுசென்ற மாடுகள் பெரும்பரிசைப் பெற்றன. அதன்பின் ஆங்கஸின் பெயரை அறியாத கால்நடை வளர்ப்போர் ஐரோப்பாவில் இலர்.

அமெரிக்காவுக்கு ஆங்கஸ் சென்றது 1873இல். ஜார்ஜ் கிராண்ட் என்பவர் ஸ்காட்லாந்திலிருந்து நான்கு காளைகளைக் கான்சாஸ் மாநிலத்தின் புல்வெளிக்குக் கொண்டுவந்தார். அங்கு மேய்ந்தவை டெக்சாஸ் நாட்டு நீள்கொம்பு மாடுகள். கொம்பே இல்லாத கரிய காளைகளை ஊரார் கண்காட்சியில் கண்டு விந்தைப் பொருளாகவே எண்ணினர். ஆனால் நீள்கொம்புப் பசுக்களுக்கும் அக்காளைகளுக்கும் பிறந்த கன்றுகள் பெரும்பாலும் கறுப்பாகவும் மோழையாகவும் இருந்தன, குளிர்காலத்தைத் தாங்கின, வசந்தத்தில் மற்றக் கன்றுகளைவிட எடை மிகுந்து நின்றன. கொம்பின்மையும் கறுப்பும் ஓங்கு பண்புகள் என்பதை மெண்டலின் விதிகளைப் படித்த நாம் எளிதில் கூறுகிறோம். அன்றைய கான்சாஸ் உழவர்க்கு அவ்விதிகள் தெரியா. கன்றுகளைக் கண்ணாரக் கண்டே தெளிந்தனர். பத்தாண்டுகளுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆங்கஸ் மாடுகள் கப்பலேறி வந்தன. 1883இல் சிகாகோ நகரில் ஆங்கஸ் வளர்ப்போர் சங்கம் தோன்றியது.

இனி உடற்சட்டம் என்றால் என்ன என்று காண்போம். அஃது எலும்புக்கூட்டின் அளவு. பந்தற்கால் எவ்வளவு உயரமோ அவ்வளவே பந்தலின் உயரம். மேலே வேயும் கீற்றை மிகுதியாக்கினாலும் பந்தல் உயராது. அதுபோல நல்ல தீனி கொடுத்துத் தசையையும் கொழுப்பையும் ஓரளவு மிகுவிக்கலாம். எலும்பின் நீளமோ பெரும்பாலும் பிறப்பால் அமைவது. கடுமையான பஞ்சமோ நோயோ தாக்கினாலொழிய, கன்றின் உயரம் அதன் மரபு வகுத்த வழியிலேயே செல்லும்.

இதனை அளக்கும் முறை எளிது. சமதரையில் மாட்டை நேராக நிறுத்தி, இடுப்பெலும்பு இரண்டுக்கும் நேர்மேலே முதுகு தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் உள்ளது என்று கோல்கொண்டு அளப்பர். மாடு தலையைக் குனிந்தாலும், கால்களை அகட்டி நின்றாலும் அளவு பிழைபடும். ஆதலின் இரண்டு மூன்று முறை அளப்பது நன்று. அளந்த உயரத்தை வயதோடு சேர்த்து நோக்குவர். ஏழாம் வகுப்பு மாணவனையும் பத்தாம் வகுப்பு மாணவனையும் அருகருகே நிறுத்தி, 'இவன் நெட்டை, அவன் குட்டை' என்று தீர்ப்புக் கூறலாமா? அதற்காகவே ஒவ்வொரு வயதுக்கும் உயர அட்டவணை வகுக்கப்பட்டுள்ளது. ஓராண்டு நிரம்பிய காளைக்கன்று 41 அங்குல உயரம் இருந்தால் அதன் சட்ட எண் 1. அதற்குமேல் ஏறக்குறைய ஒவ்வோர் இரண்டு அங்குலத்துக்கும் ஓர் எண் கூடும். 49 அங்குலமாயின் சட்ட எண் 5. 57 அங்குலமாயின் 9. முதலுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஒன்றேகால் அடிக்கு மேல் வேறுபாடு இருத்தலைக் கவனியுங்கள். ஓரே இனத்தில், ஓரே வயதில் இத்துணை வேறுபாடு எங்ஙனம் வந்தது? இயற்கை மட்டும் அதனைச் செய்யவில்லை. மனிதரின் விருப்பமே மாட்டினத்தை ஒருமுறை கீழே இழுத்தது. மற்றொருமுறை மேலே தூக்கியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கண்காட்சிகளில் சிறிய, குறுகிய கால்களையுடைய, உருண்டு திரண்ட காளைகளே பரிசு பெற்றன. சிறுத்த மாடு விரைவில் கொழுக்கும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். விரைவில் கொழுப்பது உண்மைதான். ஆயினும் பரிசுக்காக வளர்த்தவர் அக்காரணத்தையும் கடந்து, சிறியதனினும் சிறியதைத் தேடலாயினர். 1950ஆம் ஆண்டுகளில் பரிசு பெற்ற காளை, பக்கத்தில் நிற்கும் மனிதனின் அரைக்கச்சை உயரமே இருந்தது. அக்காலத்துப் புகைப்படங்களை இன்று காண்போர்க்கு அவை முழு வளர்ச்சியுற்ற காளைகள்தாமா என்ற ஐயம் எழும்.

அப்போதுதான் கொட்டில்களில் குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. ஆங்கஸ் இனத்தில் மட்டுமன்றி, ஹெரஃபோர்டு என்னும் செந்நிற இனத்திலும் அவை தோன்றின. நெற்றி புடைத்து, வயிறு பருத்து, மூச்சுவிடும்போது உரக்க ஒலி எழுப்பிய அக்கன்றுகளுள் பல இளமையிலேயே இறந்தன, எஞ்சியவை வளரவில்லை. காரணம் ஒடுங்கு பண்பாகிய ஒரு மரபுக்கூறு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெற்ற கன்று குள்ளமாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற கன்று நலமாகவே தோன்றும். ஆனால் சற்றே குட்டையாக, திரண்ட உடலோடு காணப்படும் என்று கருதப்பட்டது. நடுவர்கள் விரும்பியதும் அத்தோற்றத்தையே அன்றோ! பரிசுப் பட்டையைச் சூட்டியபோது, அவர்கள் அறியாமலே குறையை மறைத்துச் சுமந்த காளைகளைத் தேடிப் பிடித்து மந்தைக்கு அனுப்பினர். என் கருத்தில், கால்நடை வளர்ப்பின் வரலாற்றில் இதனினும் கசப்பான நிகழ்ச்சி குறைவே. நோயோ வறட்சியோ செய்த கேடன்று அது. நல்லது என்று நம்பிச் செய்த தேர்வே செய்த கேடு.

குறையைச் சுமக்கும் காளையைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? அன்று உயிரணுவைச் சோதிக்கும் முறை இல்லை. ஆகவே குள்ளக் கன்று ஈன்ற பசுக்களை, அதாவது குறையைச் சுமப்பவை என்று உறுதியாகத் தெரிந்த பசுக்களை, ஐயத்துக்குரிய காளையோடு சேர்த்துப் பார்த்தனர். காளையும் சுமப்பதாயின் நான்கில் ஒரு கன்று குள்ளமாகப் பிறக்கும். நலமான கன்று பிறக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. ஒரு கன்று நலமாகப் பிறந்தால் காளை குற்றமற்றது என்று கூறிவிட முடியாது. இரண்டும் நலமாகப் பிறக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்பது. இவ்வாறே பெருக்கிக்கொண்டு செல்லுங்கள். பதினாறு கன்றுகளும் நலமாகப் பிறந்தால், காளை குறையைச் சுமந்திருக்கும்போதே அங்ஙனம் நேர்ந்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று. ஒரு காளையின்மீது விழுந்த ஐயத்தைப் போக்கப் பதினாறு பசுக்களும் ஓராண்டும் வேண்டியிருந்தன. ஐயத்துக்குரிய குடிவழிகள் பல முழுமையாகவே விலக்கப்பட்டன. அவற்றோடு நல்ல மாடுகளும் போயின.

2008ஆம் ஆண்டில், கால்கள் மடங்கிப் பிறந்து இறக்கும் கன்றுகள் ஆங்கஸ் இனத்தில் காணப்பட்டபோது நிலை வேறாக இருந்தது. அக்குறையும் ஒடுங்கு பண்பே. பெரிதும் விரும்பப்பட்ட குடிவழிகளில் மறைந்து பரவியதே. ஆனால் சில மாதங்களுக்குள் மரபணுச் சோதனை வகுக்கப்பட்டது. ஒரு துளிக் குருதியைக்கொண்டோ ஒரு மயிரைக்கொண்டோ, எக்காளை சுமக்கின்றது, எக்காளை சுமக்கவில்லை என்று பிரித்தறிய முடிந்தது.

மீண்டும் உயரத்தின் கதைக்கு வருவோம். குள்ளக் கன்றுகளைக் கண்டு அஞ்சிய வளர்ப்போர் உயரத்தை நாடினர். கொழுப்பு மிகுந்த இறைச்சியை வாங்குவோர் குறைந்துவந்ததும் அதற்குத் துணைசெய்தது. பிரான்சு நாட்டுச் சரோலே போன்ற பெரிய இனங்கள் அமெரிக்காவில் பரவின. 1969இல் சிகாகோ பன்னாட்டுக் கண்காட்சியில், சரோலேக்கும் ஆங்கஸுக்கும் பிறந்த கலப்பின எருது ஒன்று தலைமைப் பரிசைப் பெற்றது. தூய இனங்களே பெற்றுவந்த பரிசு அது; கூடியிருந்தோர் திகைத்தனர். சிறுமைக்கு மதிப்பளித்த காலம் முடிந்தது என்பது அன்று வெளிப்படையாயிற்று.

ஆனால் ஊசல் நடுவில் நிற்கவில்லை. 1980ஆம் ஆண்டுகளில் கண்காட்சி வட்டத்துள் வந்த காளைகள் சட்ட எண் எட்டு, ஒன்பது என உயர்ந்தன. நடத்திச் செல்பவன் காளையின் முதுகுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. உயரமே தகுதி என்று எண்ணியதால் அவற்றுள் பலவற்றின் உடல் ஆழமின்றித் தட்டையாக இருந்ததையும், நெடிய எலும்பின்மேல் தசை மெலிந்து படர்ந்திருந்ததையும் யாரும் பெரிதாகக் கருதவில்லை. இழப்பு கண்காட்சியில் தெரியவில்லை, புல்வெளியில் தெரிந்தது. அக்காளைகளின் பெண்கன்றுகள் வளர்ந்து பெரும்பசுக்களாயின. பெரும்பசுவுக்குப் பெருந்தீனி வேண்டும். அவை மேய்ச்சலில் மெலிந்தன. மெலிந்த பசு காலத்தில் சினைப்படாது. சினைப்படாத பசு ஓராண்டு முழுவதும் தின்றும் கன்று தருவதில்லை. கன்று ஈன்றவையும் சில வேளை பெருங்கன்றை ஈன முடியாது துன்புற்றன.

தீனிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பசு தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்களவு உலர்தீவனம் நாள்தோறும் உண்ணும் என்று பொதுவாகக் கொள்ளலாம். சட்ட எண் ஒன்று கூடினால் முழு வளர்ச்சியுற்ற பசுவின் எடை முப்பது, முப்பத்தைந்து கிலோ கூடும். மூன்று எண் கூடிய பசு, ஏறக்குறைய 100 கிலோ மிகுதியாக நிறுக்கும். ஆகவே நாளொன்றுக்கு 2 கிலோ மிகுதியாகத் தின்னும். நூறு பசுக்கள் உள்ள மந்தைக்கு ஓராண்டில் 73,000 கிலோ! மழை பொய்த்த ஆண்டில் அத்தீவனத்தை எங்கே தேடுவது? பெரிய பசுவின் கன்றும் பெரிதாக வளரும் என்பது உண்மையே. ஆனால் அந்த மிகுதி எடைக்குக் கிடைக்கும் பணம் மிகுதித் தீனியின் விலையை ஈடுசெய்யுமா என்பதே கேள்வி. புல் செழித்த நிலத்தில் ஈடாகலாம். வறண்ட நிலத்தில் ஆகாது. அதனால் உடற்சட்டத்தில் 'மிகச் சிறந்தது' என்று ஓர் எண் இல்லை. அந்தந்த நிலத்துக்கு ஏற்றது என்பதே உண்டு. நடுத்தரமான ஐந்து, ஆறு என்னும் எண்களை இக்காலத்து ஆங்கஸ் வளர்ப்போர் பலர் விரும்புவது இக்காரணத்தாலேயே.

உயரத்துக்கும் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு ஒன்றையும் கூறவேண்டும். சிறுசட்ட மாடு முன்னதாகவே வளர்ச்சி முடிந்து கொழுப்பேறத் தொடங்கும். பெருஞ்சட்ட மாடு நெடுநாள் எலும்பும் தசையுமாக வளர்ந்து, எடை மிகவும் கூடிய பின்னரே கொழுப்பேறும். ஆகவே சட்ட எண்ணைக் கண்டவுடன், அக்காளையின் கன்றுகள் எந்த எடையில் விற்பனைக்குத் தகுதியாகும் என்பதையும் ஓரளவு கணிக்கலாம்.

தசைப்பற்றைக் காண்பது உயரத்தைக் காண்பதைவிடக் கடினம். கோல்கொண்டு அளக்க இயலாது; மேலும் கொழுப்பு தசையைப் போல் நடித்துக் கண்ணை ஏமாற்றும். விற்பனைக்கு முன் நன்றாகத் தீனியிட்டுக் கொழுக்க வைத்த காளை, வாங்க வந்தவன் கண்ணுக்கு மல்லனைப் போலத் தோன்றும். தானம் கிடைத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. விலைகொடுத்து வாங்குவதை எங்கெங்கும் பார்க்கலாம். தேர்ந்தவர் கொழுப்புச் சேராத இடங்களையே முதலில் நோக்குவர். முன்னங்காலின் மேற்பகுதியில் கொழுப்பு மிகக் குறைவு. அங்கே திரட்சி காணப்பட்டால் அது தசையே. பின்னர்க் காளைக்குப் பின்னே சென்று நிற்பர். தசை மிகுந்த காளை தொடையின் நடுப்பகுதியில் மிக அகன்றிருக்கும். பின்னங்கால்களை விலக்கி ஊன்றி நிற்கும். கொழுத்த காளையோ மேலே முதுகில் அகன்று, கீழே செல்லச் செல்லக் குறுகும். முதுகைக் கவனித்தாலும் வேறுபாடு புலப்படும். தசை மிகுந்ததன் முதுகில் நடுவே பள்ளமும் இருபுறமும் திரட்சியும் இருக்கும். கொழுத்ததன் முதுகு மேசைப் பலகைபோல் தட்டையாக இருக்கும். அலைதாடி, மார்பு முனை, வாலடி, அடிவயிற்று மடிப்பு ஆகிய இடங்கள் நிறைந்து தொங்கினால் அது கொழுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, காளையை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். நடக்கும்போது தசை இறுகி, புடைத்து, தளரும், கொழுப்பு குலுங்கும்.

கண்ணால் காண்பதற்குத் துணையாக, கேளா ஒலி அலைக் கருவி வந்தபின் தசையை உயிருள்ள மாட்டிலேயே அளக்க முடிகின்றது. மாட்டுக்குப் பதின்மூன்று இணை விலாவெலும்புகள் உண்டு. பன்னிரண்டாம் விலாவுக்கும் பதின்மூன்றாம் விலாவுக்கும் இடையே கருவியை வைத்தால், முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீள்தசையின் குறுக்குவெட்டுத் திரையில் தெரியும். அதன் பரப்பைச் சதுர அங்குலத்தில் கணக்கிடுவர். அதன்மேல் படிந்துள்ள கொழுப்பின் தடிப்பும் அங்கேயே தெரிந்துவிடும். மேலே சொன்ன மாறுவேடம் இங்கே பலிக்காது. உடலின் 100 பவுண்டு எடைக்கு ஒரு சதுர அங்குலத்துக்குச் சற்று மிகுதியான நீள்தசைப் பரப்பு இருப்பது நல்லது என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு.

தசை மிகுதியாக இருப்பது நன்றுதானே, எவ்வளவு மிகுந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பெல்ஜிய நாட்டு நீல இனத்தைப் பாருங்கள். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு அவ்வினத்தில் பழுதுபட்டிருப்பது 1997இல் கண்டறியப்பட்டது. கடிவாளமில்லாக் குதிரைபோலத் தசை வளர்ந்து, அம்மாடுகள் கல்லில் செதுக்கிய உருவங்கள்போல் தோன்றும். ஆனால் அக்கன்றுகளை இயல்பாக ஈன முடியாமல், பசுக்களுள் மிகப் பலவற்றுக்கு வயிற்றைக் கீறியே கன்றை எடுக்க வேண்டியுள்ளது. மருத்துவர் அருகிலுள்ள சிறு பண்ணையில் அது நடக்கும். அடுத்த வீடு பத்துக் கல் தொலைவில் உள்ள புல்வெளியில் நடக்குமா? அன்றியும், ஆங்கஸ் இனத்தின் புகழ் தசையின் அளவினால் மட்டும் வந்ததன்று. தசையின் ஊடே நூலிழைபோல் பரவும் கொழுப்பினாலும் வந்தது. தசைக்காக மட்டுமே தேர்ந்துகொண்டு சென்றால் அவ்விழைகள் குறையக்கூடும்.

காளையில் கண்ட சிறப்பு முழுவதும் கன்றுக்குச் செல்வதில்லை. இதனை அறியாததாலேயே பலர் ஏமாந்தனர். ஒரே மந்தையில், ஒரே தீனி தின்று வளர்ந்த காளைகளின் சராசரி உயரத்தைவிட ஒரு காளை 8 செ.மீ. உயர்ந்துள்ளது என்று கொள்வோம். உயர வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியே மரபால் வருவது. மீதி, தாயின் பால், மேய்ச்சல், வளர்ப்பு முதலியவற்றால் வருவது. ஆகவே மரபுச் சிறப்பு 4 செ.மீ. கன்றுக்குத் தந்தை தருவது அதில் பாதி. தாய் பாதியைத் தருகின்றாள் அன்றோ? எனவே கன்றுகள் சராசரியாக 2 செ.மீ. உயரும். தசையின் பரப்பில் மரபின் பங்கு உயரத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆதலால் முன்னேற்றமும் மெதுவாகவே வரும். வெவ்வேறு பண்ணையில் வளர்ந்த காளைகளை அப்படியே ஒப்பிடுவது இன்னும் பெரிய தவறு. ஒன்று தானியம் தின்றிருக்கும். மற்றொன்று புல்லை மட்டும் மேய்ந்திருக்கும்.

இச்சிக்கலைத் தீர்க்க, அமெரிக்க ஆங்கஸ் சங்கம் 1958 முதல் கன்றுகளின் எடைகளைப் பதியும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 1974இல் காளைகளை அவற்றின் கன்றுகளைக் கொண்டு மதிப்பிட்ட அறிக்கையை வெளியிட்டது. ஒரு காளைக்குப் பல மந்தைகளில் பிறந்த கன்றுகளையும், அக்காளையின் உடன்பிறப்புகளையும் முன்னோர்களையும் பற்றிய பதிவுகள் அனைத்தையும் கணக்கிட்டு, 'இக்காளையின் கன்றுகள் பிற காளைகளின் கன்றுகளிலிருந்து இவ்வளவு வேறுபடும் என எதிர்பார்க்கலாம்' என்று எண்ணால் கூறும் முறை அது. பிறப்பு எடைக்கு ஓர் எண். ஓராண்டு எடைக்கு ஓர் எண். உயரத்துக்கும் நீள்தசைப் பரப்புக்கும் தனித்தனி எண்கள். அவ்வெண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. கன்றே பிறவாத இளங்காளையின் எண் மாறக்கூடியது. ஆயிரம் கன்றுகளுக்குத் தந்தையான காளையின் எண் எளிதில் மாறாது.

எண்கள் கூறாதவையும் சில உண்டு. குளம்பு வளைந்த காளை நெடுந்தொலைவு நடந்து பசுக்களைத் தேட மாட்டாது. விதைப்பையின் சுற்றளவு பதினைந்து மாதத்துக்குள் 30 செ.மீ. ஆவது இருக்க வேண்டும். அது காளையின் வித்துவளத்தைக் காட்டுவதோடு, அதன் பெண்கன்றுகள் முன்னதாகப் பருவமடையும் என்பதையும் குறிக்கும். மூர்க்கக் குணமுடைய காளையை எவ்வளவு அழகாயினும் வாங்காதிருப்பதே நன்று.

இறுதியாக ஒரு விற்பனை நாளை எண்ணிக்கொள்வோம். இரண்டு இளங்காளைகள், ஓராண்டு நிரம்பியவை, அடைப்புக்குள் நிற்கின்றன. முதலாவதன் உயரம் 53 அங்குலம். சட்ட எண் 7. எடை 1,300 பவுண்டு. இரண்டாவதன் உயரம் 49 அங்குலம். சட்ட எண் 5. எடை 1,150 பவுண்டு. நீள்தசைப் பரப்பு இரண்டுக்கும் 13 சதுர அங்குலமே. கூட்டத்தார் பெரும்பாலோர் முதற்காளையைச் சூழ்ந்து நிற்கின்றனர். கணக்கிட்டுப் பார்த்தவன் வேறு காண்கிறான். முதற்காளைக்கு 100 பவுண்டு எடைக்கு நேர் ஒரு சதுர அங்குலம்; இரண்டாவதற்கு ஒன்றே முக்கால் அரைக்கால் அன்று; ஒன்றே அரைக்கால், அதாவது 1.13. உருவிற் சிறியதே தன் அளவுக்கு மிகுந்த தசையுடையது.

அயோவா மாநிலத்திலிருந்து வந்தவர் ஒருவர் முதற்காளைக்கு விலை கூறுகின்றார். அவர் நாட்டில் மக்காச்சோளம் மலிவு. அவர் பசுக்கள் சிறியவை. கன்றுகள் அனைத்தையும் கொழுக்க வைத்து விற்றுவிடுவார். கிடேரி எதனையும் மந்தைக்கென நிறுத்துவதில்லை. உயரம் அவர்க்குக் கேடு செய்யாது. நெபிராசுகா மாநிலத்து மணற்குன்றுப் புல்வெளியிலிருந்து வந்தவரோ, பசுக்களைப் புல்லிலும் வைக்கோலிலுமே வாழவைப்பவர். ஒவ்வோர் ஆண்டும் கிடேரிகளை நிறுத்தி மந்தையைப் புதுப்பிப்பவர். அவர் இரண்டாவது காளையின் பின்னே நடந்து, கால் ஊன்றும் விதத்தைப் பார்க்கின்றார். பின்னர்க் கையிலுள்ள பட்டியலைத் திறந்து, தலையீற்றுக் கிடேரிகள் இருபது வீட்டில் இருப்பதால், பிறப்பு எடைக்குரிய எண் எங்கே அச்சாகியுள்ளது என்று விரலால் தேடுகின்றார்.